பட்டு மெத்தையில் ஓர் இடம்

ஜூலை 22, திங்கள்

பழைய கம்பெனி கொடுத்த டைரி இது. மார்ச்சில் கம்பெனியை மூடிவிட்டார்கள். டைரி மட்டும் டிசம்பர் வரை இருக்கிறது. வெறும் தாளை எடைக்குப் போட மனம் வராததால் எழுதுகிறேன். வேறு காரணமில்லை.

கோமதி விலாஸ் ஜவுளி மாளிகையில் நிர்வாக அலுவலராகச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்த ஆலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவள், நாற்பத்தொன்பது வயதில், திருச்சிக் கடைவீதியில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே நிற்கிறேன். பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் சட்டம் படித்தபோது பேராசிரியர் எடுத்துக்காட்டாகச் சொன்னதெல்லாம் சுரங்கமும் துறைமுகமும். புடவைக் கடையை அவர் சொன்னதாக ஞாபகமில்லை.

தங்கை ரேவதி பெங்களூரிலிருந்து பேசினாள். "இங்க ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை காலியா இருக்குக்கா. புடவைக் கடையில உனக்கு என்ன வேலை? வந்துடேன்." யோசிக்கிறேன் என்றேன்.

முதலாளி சோலையப்பன் மரியாதையானவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவர் மேசைக்கு எதிரே மூன்று நாற்காலிகள். கொள்முதல் பார்ப்பவர் ஒன்றில், கணக்கர் ஒன்றில். மூன்றாவதில் முதலாளியின் துண்டு கிடந்தது. நின்றபடியே சொன்னேன்: கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து நாளாகிறது, நம் கடையில் பெண்கள் யாருக்கும் இல்லை.

"சட்டம்னா சட்டம்தான் மேடம். எத்தனை ஸ்டூல் வேணுமோ வாங்கிடுங்க. கஸ்டமர் கண்ணுல மட்டும் படாம பாத்துக்கங்க."

ஜூலை 30, செவ்வாய்

ஸ்டூல்கள் வந்தன. மர நிறத்தில் பிளாஸ்டிக். இரண்டாம் மாடிக்கு, பட்டுப் பிரிவுக்கு, நானே கொண்டுபோனேன்.

பட்டுப் பிரிவின் அமைப்பு இது: சுவர் நீளத்துக்கு வெள்ளை விரித்த மெத்தை. அதில் விற்பனையாளர்கள் சம்மணமிட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் ஆண்கள். எதிரே வாடிக்கையாளர்களும் மெத்தையில். விற்பனையாளர் புடவையை வீசி விரிப்பார். தேவைப்பட்டால் எழுந்து தன் தோளில் முந்தானையைப் போட்டுக் கொசுவத்தைக் கையில் பிடித்துக் காட்டுவார். மெத்தைக்குப் பின்னால், தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு நீள மேசை. விரித்த புடவைகளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்ப அடுக்குவது அங்கே. அது பெண்கள் வேலை. காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே.

மேசை இடுப்பு உயரம். நான் வாங்கிய ஸ்டூல் முழங்கால் உயரம். லூர்துமேரி என்ற பெண் முதலில் உட்கார்ந்து பார்த்தாள். மேசை விளிம்புக்கு மேலே அவள் நெற்றிதான் தெரிந்தது.

"மேடம், நான் தெரியறேனா?" என்றாள் கீழேயிருந்து. பக்கத்தில் இருந்த அஞ்சுகம் சிரித்துச் சிரித்து ஒரு மடிப்பைக் கோட்டை விட்டாள்.

சாயங்காலம் பார்த்தபோது ஸ்டூல்கள் மேல் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. சட்டம் நிறைவேறிவிட்டது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. காவிரிப் பக்கம் போகவே முடியவில்லை. பால் திரிந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

லூர்துமேரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்தாள். முப்பத்தாறு வயது, உரத்த குரல், பேசும்போது எதிராளியின் கையைத் தட்டுகிற பழக்கம். புடவையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். நரம்புகள் கயிறு முறுக்கியதுபோல் புடைத்திருந்தன.

"டாக்டரம்மா நிக்கவே கூடாதுன்னுட்டாங்க. நின்னா ஆபரேஷன்தானாம். இந்தக் கடையில உக்காந்து பாக்குற வேலை ஒண்ணுதான் இருக்கு மேடம். பட்டு மெத்தை."

"அது விற்பனை வேலை."

"தெரியுமே. பதினோரு வருஷமா அந்தத் தடுப்புக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். தண்டபாணி அண்ணன் என்ன பொய் சொல்லுவாருன்னு அவருக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அதைவிட நல்ல பொய் என்னால சொல்ல முடியும்."

இவளுக்குத் தன்னடக்கம் கொஞ்சமும் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். மெத்தை கிடைக்காவிட்டால் தீபாவளியோடு வேலையை விட வேண்டியதுதான் என்றாள். கணவர் செபாஸ்டின் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள்.

முயன்று பார்க்கிறேன் என்று நான் யாரிடமும் சுலபமாகச் சொல்வதில்லை. முதலாளியிடம் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கேட்டேன். முதலாளி தண்டபாணியையும் கூப்பிட்டுவிட்டார். தண்டபாணி பட்டுப் பிரிவின் மூத்த விற்பனையாளர். நரைத்த அடர்ந்த மீசை, பட்டு போலவே வழுக்கும் பேச்சு. கணக்கர் எழுந்து அவருக்கு நாற்காலி கொடுத்தார். நான் கதவருகே நின்றிருந்தேன்.

"மெத்தையில சம்மணம் போட்டு உக்காரணும், எட்டி வீசணும், குனியணும். நாலு ஆம்பளைங்க வந்துபோற இடம்" என்றார் முதலாளி. "அப்புறம், பட்டு ஓடுறது ராத்திரி ஏழுல இருந்து பத்து. எட்டு மணிக்கு லேடீஸை அனுப்பிடணும்னு நீங்கதானே மேடம் வந்த அன்னிக்கே சொன்னீங்க?"

சொன்னது உண்மை. பெண்களைக் காப்பாற்ற எழுதிய விதி அது. அதை எடுத்து அவளுக்கு எதிரே குறுக்குக் கட்டையாகப் போட்டுவிட்டார். கோபம் வரவில்லை, இந்த மாதிரிக் கட்டைகளைத் துவாக்குடியிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்டபாணி சொன்னார்: "எனக்கொண்ணும் ஆட்சேபம் இல்ல மேடம். ஆனா கஸ்டமர்கிட்ட போய்ச் சட்டம் பேச முடியாது பாருங்க."

கடைசியில் காரியத்தைச் செய்தது என் வாதம் அல்ல. மெத்தையிலிருந்த கதிரேசன் குவைத் போய்விட்டான். ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை.

"சரி, தீபாவளி வரைக்கும் உக்காரட்டும். விற்பனையில கடைசி ஆளா வந்தா திரும்பவும் மேசைக்குப் போயிடணும். ஒத்துக்கிறாளான்னு கேளுங்க."

ஒத்துக்கொண்டாள். என் கையில் பலமாக ஒரு தட்டு தட்டினாள். இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

முதல் நாள். தலை நிறைய முல்லைப்பூ. மெத்தையில் உட்கார்ந்ததும் அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "ஐயோ, உக்காந்தவுடனே தூக்கம் வருது மேடம். எப்படித்தான் வேலை பாக்குறாங்களோ இந்த அண்ணனுங்க!"

லால்குடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாள் லூர்துவைப் பார்த்துக் கேட்டார்: "புடவை காட்டறவங்க யாரும்மா?"

"நான்தாம்மா. உக்காருங்க."

"நீயா? சரி சரி. அண்ணன் வரட்டும், இருக்கோம்."

இருந்தார்கள். அண்ணன் வந்தார். வாங்கினார்கள்.

ஆகஸ்ட் 24, சனி

வாரம் முழுவதும் அதே கதை. வருகிறவர்கள் பெண்கள், கேட்பது ஆணை. இதில் எனக்கு ஆச்சரியமில்லை. நானும் வங்கியில் கூட்டமில்லாத பெண் கவுண்டரை விட்டுவிட்டு ஆண் கவுண்டர் வரிசையில் நின்றிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். பதில் எழுத விருப்பமில்லை.

உட்கார்ந்த ஒன்றிரண்டு பேருக்கும் லூர்து புடவையைத் தன் மேல் போட்டுக் காட்டினாள். மயில்கழுத்து நிறம், அழகாகத்தான் இருந்தது. ஒரு பெண் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க உசரத்துக்கு எடுப்பா இருக்கு. நான் குட்டை" என்று எழுந்துவிட்டாள். இன்னொருத்தி, "உங்க கலருக்கு நல்லாருக்குக்கா" என்றாள். அதோடு சரி.

மூடும் நேரத்தில் தண்டபாணியிடம் காரணம் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இது ரொம்பச் சாதாரணம் மேடம். என் மேல முந்தானையைப் போட்டா இந்த மூஞ்சியை எவ பாப்பா? புடவையைத்தான் பாப்பாங்க. பொம்பளை மேல போட்டா அவளைப் பாப்பாங்க. அப்புறம் தன்னைப் பாப்பாங்க. அப்புறம் எந்திரிச்சுப் போயிடுவாங்க."

வேலைச் சந்தையில் பாலினப் பாகுபாடு பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்த வாதம் இல்லை. எரிச்சலோடு வீடு வந்து தோசை வார்த்தேன். கல் சூடாகும் முன்பே ஊற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

லூர்து இடத்துக்கு மடிப்பு மேசையில் கிடங்கிலிருந்து பன்னீர் என்பவரைப் போட்டிருக்கிறார்கள். நாற்பது வயது மனிதர், மேசையில் நிற்கும் முதல் ஆண். முந்தா நாள்தான் வந்தார். இன்று காலை நேரே முதலாளி அறைக்குப் போய், "முட்டி போயிடும் போல இருக்கு முதலாளி, ஸ்டூல் பத்தலை" என்றாராம்.

மத்தியானம் தச்சர் வந்தார். மேசைக் காலை அறுத்துத் தாழ்த்திவிட்டுப் போனார். இப்போது எல்லோரும் உட்கார்ந்து மடிக்கிறார்கள்.

"ஒரு மாசமா நம்ம முட்டி தெரியலை பாருங்க மேடம்" என்றாள் அஞ்சுகம். மடித்துக்கொண்டேதான் சொன்னாள். கால்களை நீட்டிக்கொண்டு, சுகமாக.

மேசையைப் பற்றி நான் முதலாளிக்கு எழுதிக் கொடுத்தது ஜூலை மாதம். பன்னீர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர், எல்லோருக்கும் தேநீர் வாங்கி வருகிறார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மணமகள் வீட்டார் பன்னிரண்டு பேர் இன்று லூர்துவிடம் உட்கார்ந்தார்கள். மெத்தையே மறைகிற அளவுக்கு விரித்திருந்தாள். அரக்கா பச்சையா என்ற கட்டத்துக்கு வந்தாயிற்று. மணி எட்டு.

நானே போய்ச் சொன்னேன். எழுந்துவிட்டாள். மிச்சத்தைத் தண்டபாணி முடித்தார். பில் அவர் பெயரில்.

"நாளைக்கு வரும்போது ஏழே முக்காலுக்கே கல்யாணத்தை முடிக்கச் சொல்லிடறேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

விதியை எடுத்து மறுபடி படித்தேன். எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதோடு அது முடியவில்லை. அந்தப் பெண் எழுத்தில் சம்மதம் தந்து, கடை வாகனமும் பாதுகாப்பும் கொடுத்தால் வாங்கலாம். முதல் பாதி எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டாம் பாதிக்கு வேன் வேண்டும். முதலாளியிடம் கேட்டேன். சரக்கு ஏற்றும் வேனில் இருக்கை போட்டுத் தரச் சம்மதித்தார். கால் மரத்துப் போகும் வரை நின்று பேசினேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

பட்டுப் பிரிவிலும் பில் பிரிவிலும் உள்ள பெண்களிடம் சொன்னேன்: "விருப்பமிருந்தால் வீட்டில் பேசிவிட்டுச் சம்மதம் எழுதிக் கொண்டுவாருங்கள்." எல்லோரும் கொண்டுவந்தார்கள். படித்து, கோர்த்து, தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் பிள்ளையார் பொம்மை விற்பவர்களிடம் நின்று, களிமண் பிள்ளையார் ஒன்று வாங்கினேன். கும்பிடும் வழக்கமில்லை. குடை அழகாக இருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். முப்பதைத் தொடாத ஒரு பெண் அதிகாரி. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். தாள்களை என் பக்கம் திருப்பினாள்.

"மேடம், இதுல வேலை பாக்கப்போறது யாரு?"

"எங்கள் பெண் ஊழியர்கள்."

"அவங்க சம்மதம் எங்க?"

பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கணவர் கையெழுத்து. கல்யாணமாகாதவர்களுக்கு அப்பா. அஞ்சுகத்துக்கு அண்ணன். செபாஸ்டின் எழுதியிருந்தார்: 'என் மனைவி லூர்துமேரி இரவு எட்டு மணிக்கு மேல் வேலை பார்ப்பதில் எனக்குப் பூரண சம்மதம், ஞாயிற்றுக்கிழமையும் வேளாங்கண்ணித் திருவிழாவும் நீங்கலாக.'

நான் இதைப் படித்துத்தான் கோர்த்தேன். எழுத்துப்பிழைகூடத் திருத்தினேன். தவறாக எதுவும் என் கண்ணில் படவில்லை. முதுகலைப் பட்டம், இத்தனை வருட அனுபவம்.

அந்தப் பெண் சிரிக்காமல் இருக்க முயன்றாள். பிறகு நான் சிரித்துவிட்டதால் அவளும் சிரித்தாள்.

பேருந்தில் வரும்போது இன்னொன்றும் தோன்றியது. நானும் எட்டு மணிக்கு மேல் கடையில் இருக்கிறேன். எனக்கு எழுதிக் கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தால் வாங்கி வந்திருப்பேனோ?

செப்டம்பர் 13, வெள்ளி

நீளமாக எழுதும் நாள்.

எழுதிக் கொடுத்த தாள் திரும்பி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, செபாஸ்டினுக்கு வருத்தம். "என் கையெழுத்துக்கு மரியாதை இல்லேன்னா என் பொண்டாட்டியை நான் எட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் சொன்னாராம். சொன்னபடி எட்டு மணிக்கு இரண்டாம் மாடிக்கே ஏறி வந்துவிட்டார். காக்கிச் சட்டை, பெரிய ஆள், தண்டபாணியைத் தோற்கடிக்கும் மீசை.

லூர்து முன்னால் மணப்பாறைக் குடும்பம் ஒன்று. கல்யாணப் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. தேங்காய்ப்பூ நிறத்தில் சிவப்புக் கரை வைத்த புடவையைப் பெண் கேட்கிறாள். அம்மா, அது மடியில் கிடக்கும்போது சப்பென்று இருக்கிறது என்கிறார். தண்டபாணி வேறொருவரோடு இருந்தார்.

"லூர்து, மணி ஆச்சு. கெளம்பு" என்றார் செபாஸ்டின்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். எழுந்தாள். கிளம்புகிறாள் என்றுதான் நினைத்தேன். புடவையைத் தூக்கி அவர் தோளில் வீசினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"ரெண்டு நிமிஷம் அசையாம நில்லு. முந்தானை தரையில படுது, கையைத் தூக்கு. இன்னும் தூக்கு. டிராஃபிக் போலீஸ் சொன்னா தூக்குறியில்ல?"

மணப்பாறைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணப் பெண் கண்ணீர் வரச் சிரித்தாள். காக்கிச் சட்டைக்கு மேல் சிவப்புக் கரை ஜிலுஜிலுவென்று இருந்தது. அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "இப்பத்தாண்டி கரை தெரியுது. நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்க."

"அண்ணனையும் சேத்தா?" என்றார் கூட்டத்திலிருந்த ஒரு பாட்டனார்.

"அது விலைக்கு இல்லீங்க. ஆட்டோ மட்டும் வாடகைக்கு உண்டு" என்றாள் லூர்து.

அடுத்ததாக மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையான ஒருவர், இவ்வளவு நேரமும் கைபேசியில் இருந்தவர், தானாகவே எழுந்து தோளைக் காட்டினார். நான்கு புடவைகள். பில் லூர்துமேரி பெயரில்.

செபாஸ்டின் புடவையைக் கழற்றிக் கொடுத்தபோது முகத்தில் கடுமை வைத்துக்கொள்ள முயன்றார். வரவில்லை. "வீட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றார். அதிலும் பலமில்லை.

எட்டு மணி தாண்டியிருக்கலாம். நான் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

சம்மதத் தாள்கள் மறுபடியும். இந்த முறை என் முன்னால், அவரவர் கையால். அஞ்சுகம் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் போட்டா செல்லுமா மேடம்?"

"நீங்கள் போட்டால்தான் செல்லும்."

"அப்ப இத்தனை நாள் எங்கண்ணன் போட்டதெல்லாம்?"

அவள் எதையெல்லாம் நினைத்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. போட்டாள். பெரிய எழுத்தில்.

இரண்டு பெண்கள் வேண்டாம் என்றார்கள்; சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையும் அவர்களே எழுதினார்கள். கடைசியில் எனக்கும் ஒரு தாள் எடுத்து எழுதிக் கையெழுத்திட்டேன். சாட்சியாக லூர்து நின்றாள். "மேடத்துக்கு நான் கியாரண்டி" என்றாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

புரட்டாசி. பட்டு ஓடவில்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆள் வந்தது. பொடுதலை பறித்துத் துவையல். நல்ல தூக்கம்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஐப்பசி பிறந்தது முதல் நிற்க இடமில்லை. தீபாவளிக் கூட்டமும் கல்யாணக் கூட்டமும் சேர்ந்துவிட்டன. லூர்துவிடம் இப்போது ஆட்கள் தாமாக உட்காருகிறார்கள். வருகிற குடும்பத்தில் யார் சும்மா இருக்கிற ஆண் என்று படியேறும்போதே பார்த்துவிடுகிறாள். 'மாமா, இப்படி வாங்க', 'தம்பி, போனைப் பைல வை.' வாரம் முழுக்க மாமன்களும் மச்சான்களும் பட்டுடுத்தி நிற்கிறார்கள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தால் வாசலில் டீக்கடையில் காத்திருக்கிற ஆண்கள், இப்போது மாடிக்கு வருகிறார்கள்; வந்தால் அபிப்பிராயம் சொல்கிறார்கள்; சொன்னால் சண்டை வருகிறது; சண்டை வந்தால் இரண்டு புடவை கூட விற்கிறது. இப்படி ஒரு பொருளாதாரம்.

இன்று ஒரு சிக்கல். கூரைப்புடவையைப் பெண்ணின் அப்பா தோளில் போட்டுவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறிவிட்டது.

"கூரையை ஆம்பளை மேல போடுவாங்களா? என்ன பழக்கம் இது?"

மெத்தையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்டபாணிகூடப் புடவை வீசுவதை நிறுத்தினார். லூர்து அவசரப்பட்டுவிட்டாள் என்று அவள் முகமே சொன்னது.

"நான் எப்பவும் போட்டுத்தான் காட்டறேன்" என்றார் தண்டபாணி, அந்தக் கோடியிலிருந்து, அலட்சியமாக. "முப்பது வருஷமா எத்தனை கூரைப்புடவை இந்தத் தோள்ல ஏறியிருக்கும்? நான் ஆம்பளைதான், அத்தை. யாரும் கேட்டதில்லை."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். அவர் அசையாமல், மூச்சுக்கூட விடாமல், கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சரி, நல்லாத்தான் இருக்கு. கழட்டச் சொல்லுங்க, பாவம், வேர்க்குது" என்றார்.

பிறகு தண்டபாணியிடம் நன்றி சொன்னேன். "எதுக்கு மேடம்? அவ யாவாரம் நின்னா அந்தக் கூட்டம் அப்படியே எந்திரிச்சுப் போயிடும். எனக்குத்தான் நட்டம்" என்றார். மூத்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடியற்காலை கடையை மூடிவிட்டு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாள் முழுவதும் தூங்கினேன். முதலாளி எல்லோருக்கும் புடவை கொடுத்தார். எனக்கு வந்தது கத்தரிப்பூ நிறம். மூன்று தடவை பிரித்துப் பார்த்தேன், மடிப்பு சரியாக இருக்கிறதா என்று.

நவம்பர் 4, திங்கள்

விற்பனைக் கணக்கு வந்தது. மெத்தையில் ஒன்பது பேர், லூர்து நான்காவது. அவளிடம் சொல்வதற்கு முன் முதலாளி அறைக்குப் போனேன். அவருக்கும் சந்தோஷம்தான்.

"இருக்கட்டும் மேடம், தாராளமா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. ரெக்கார்டுல மட்டும் உதவியாளர்னே இருக்கட்டும். விற்பனையாளர்னு மாத்தினா சம்பளமும் இன்சென்டிவும் மாத்தணும். நாளைக்கு மத்தவங்களும் வந்து நிப்பாங்க."

அவள் பார்ப்பது தண்டபாணி பார்க்கிற அதே வேலை, ஒரே வேலைக்கு ஆணுக்கொரு பெயரும் பெண்ணுக்கொரு பெயரும் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றேன்.

"சட்டம்னா சட்டம்தான். அடுத்த வருஷம் பாப்போம் மேடம்."

வழக்கமாக இந்த இடத்தில் 'சரி சார்' என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். இன்று கால் வலித்தது. மூன்றாவது நாற்காலியிலிருந்த துண்டை எடுத்து, மடித்து, மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கொள்முதல் பார்ப்பவர் எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கணக்கரும் போனார். முதலாளி இரண்டு போன் பேசினார். காபி வந்தது. குடித்தேன். மின்விசிறி ஒரு சத்தம் போட்டுக்கொண்டே சுற்றியது.

"வேற ஏதாவது இருக்கா மேடம்?"

"இல்லை சார். இது ஒன்றுதான். கையெழுத்து ஆகட்டும்."

இன்னொரு போன் பேசினார். மறுபடியும் காபி வந்தது. அதையும் குடித்தேன்.

"ஆளைப் பாத்தா அமைதியா இருக்கீங்க" என்றார் கடைசியில், தலையை ஆட்டிக்கொண்டே, பேனாவை எடுத்து. கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

தேதி போடச் சொன்னேன். ஆகஸ்ட் 19 என்று போட்டார், அவள் மெத்தையில் உட்கார்ந்த நாள். அதை நான் கேட்கவில்லை, அவரே போட்டார். மனிதர்களைப் பற்றி நான் கொஞ்சம் அவசரமாக முடிவுக்கு வந்துவிடுகிறேன்.

லூர்துவிடம் சொன்னேன். என் கையைத் தட்டவில்லை. பிடித்துக்கொண்டாள். பிறகு, "நாலாவதா? அந்த மூணாவது ஆள் யாரு?" என்றாள்.

நவம்பர் 8, வெள்ளி

ரேவதியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படி என்ன அங்கே என்று கேட்டாள். கார்த்திகையில் முகூர்த்தம் அதிகம், வேலை இருக்கிறது என்றேன். "உன் குரலே மாறியிருக்குக்கா" என்றாள். சளியாக இருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

கார்த்திகையின் முதல் முகூர்த்தக் கூட்டம். சாயங்காலம் இரண்டாம் மாடிக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, சும்மா போனேன்.

லூர்து மெத்தை நடுவில், கால் நீட்டி, திண்டில் சாய்ந்து ராணி மாதிரி இருந்தாள். முன்னால் குளித்தலைக் குடும்பம். தடுப்புப் பக்கம் திரும்பி, ஒரு விரலைச் சொடுக்கினாள்.

"ஏய் அஞ்சுகம்! எத்தனை வாட்டி கேக்குறது? அந்த அரக்கை மடிச்சு எடுத்தா! தூங்குறியா அங்க?"

தண்டபாணியின் தொனி, அச்சு அசல். பதினோரு வருடம் இவள் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். எனக்குச் சுருக்கென்றது. குடும்பம் கிளம்பியதும் தனியாகக் கூப்பிட்டேன்.

"கேட்டீங்களா மேடம்?" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சத்தியமா நெனச்சுச் சொல்லலை. அங்க போய் உக்காந்தா வாய் தானா அப்படி வருது."

அந்த நேரத்தில் அரக்குப் புடவையோடு அஞ்சுகம் தடுப்பைத் தாண்டி வந்தாள். அவசரமில்லாமல் வந்தாள். புடவையை லூர்துவின் கையில் வைத்தாள். மெத்தையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"கத்துடி, நல்லாக் கத்து" என்றாள். "மெத்தையில இருக்கிற குமரேசன் அண்ணன் தையில ரிட்டையர் ஆகறாரு. நான் மேடத்துக்கிட்ட எழுதிக் கொடுத்தாச்சு. உன் பக்கத்துலதான் உக்காருவேன்."